கைக்குள் ஒரு எண்

பணம் வைத்து ஆடினால் சூது.
ஆகவே பிரியாணிக்குத்தான் காசு,
தம்போலாச் சீட்டு இனாம் என்று
அனுமதித் தாளில் எழுதிக் கொடுத்தோம்.
முத்திரை விழப் பதினோரு நாள்.
அதன் பிறகும் மண்டபக்காரர்
இரண்டு முறை கேட்டார்:
"சூது இல்லையே?"

சித்ரா என்று ஊரில் சொன்னால்
யாரந்தப் பெண் என்பார்கள்.
பஹ்ரைனில் அது தீவு.
வெள்ளை வெள்ளையாய் எண்ணெய்த் தொட்டிகள்,
வேலிக்குள் எங்கள் தீயணைப்பு நிலையம்,
வேலிக்கு வெளியே நாங்கள் உறங்கும் முகாம்.
தொட்டிக்கொரு நுரைக்குழாய் உண்டு.
நாற்பத்தாறு அறைக்கும் சேர்த்து
ஒரேயொரு புகைமணி.
அதன் பேட்டரியையும் எவனோ
சுவர்க் கடிகாரத்துக்குக் கழற்றிவிட்டான்.
கம்பெனிக்கு மூன்று கடிதம் போட்டது சங்கம்.
நான்காவது கடிதம்தான் இந்த ராத்திரி.

கணக்கு வியாகுலத்திடம்.
ஒரு மணி நான்கு தினார்,
ஒரு தட்டு ஒன்றரை தினார்.
கடைக்காரப் பொற்கொடி
அரிசியும் கறியும் சும்மா இறக்கியதால்
நூற்று இருபத்து மூன்று தட்டு போனால் போதும்,
ஐந்நூறு ஃபில்ஸ் மிஞ்சும்,
அதை என்ன செய்வது என்று
ஒரு வாரம் சண்டை.

குரல் பெரிது என்பதால்
எண் கூப்பிடுவது நான்.
"ஐந்து சைபர், ஐம்பது!
எந்த மீட்டரும் காட்டாத வெயில்!"
"இரண்டு ஏழு, இருபத்தேழு!
சம்பளம் வராத தேதி!"
"எட்டும் எட்டும் எண்பத்தெட்டு!
சாகுலின் தொப்பை, முன்னும் பின்னும்!"
குறிக்கக் கொண்டைக்கடலை கொடுத்திருந்தோம்.
பிள்ளைகள் தின்று தின்று
அம்மாக்களைத் தோற்கடித்தார்கள்.
ஃபுல் ஹவுஸுக்கு ரைஸ் குக்கர்,
மேடையில், பாலித்தீன் பிரிக்காமல்.

ஒன்பது நாற்பது.
பைக்குள் கைவிட்டேன்,
வில்லையைப் பார்த்தேன்,
வாய் திறந்தேன்.
நான்கு இடுப்புகளில்
ஒரே நேரம் வயர்லெஸ் கத்தியது.
இசக்கியப்பன் எழுந்த வேகத்தில்
நாற்காலி மல்லாந்தது,
சீட்டிலிருந்து ஒரு கடலை சிதறவில்லை.

வில்லையைத் திரும்பப் பைக்குள் போடலாம்.
போட்டால் அது வேறு ஆட்டம்.
மூடிய கையோடு உட்கார்ந்தேன்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை.
நாலு சீட்டில் கடலை உருளக் கூடாதென்று
யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள்.
நூறு பேர் வியர்த்தோம்.
மண்டபக்காரர் சாவியை மேசையில் வைத்துவிட்டு
அவரும் உட்கார்ந்தார்.
தண்ணீர் கொடுக்கும் சாக்கில் நடந்தவன்
இசக்கியப்பன் சீட்டைப் பார்த்துவிட்டேன்.
பதினைந்து எண், பதினான்கு கடலை.
காலியாய்க் கிடந்த கட்டம்
என் கைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது.
பார்த்திருக்கக் கூடாது.

திரும்பி வரும்போது மணி ஒன்று.
புருவத்தில் கரி, காலணியில் நுரை.
"நெடுஞ்சாலையில் ஒரு கார்" என்றார் சாகுல்.
அவ்வளவுதான் சொன்னார்,
அதற்குமேல் கேட்கவும் ஆளில்லை.
பொற்கொடி அண்டாவை மறுபடி அடுப்பேற்றினாள்.
நால்வரில் ஒருவர்தான் தின்றார்,
அதுவும் வெறும் சோறு.

"ஆட்டத்தை முடி" என்றார்கள்.
விரல்களைப் பிரித்தேன்.
"ஆறு மூன்று, அறுபத்து மூன்று."
வேடிக்கை வசனம் எதுவும் வரவில்லை.

இசக்கியப்பன்
மேசையில் தலை சாய்த்து உறங்கிவிட்டான்.
கன்னத்தில் ஒரு கடலை ஒட்டியிருக்கிறது.

ஆடுபவர் தானே கத்த வேண்டும்,
அடுத்த எண் விழுவதற்குள்.
விதியை எழுதியவன் நான்தான்.
பக்கத்து மேசைகள் எட்டிப் பார்க்கின்றன.
வியாகுலம் பார்க்கிறார்.
யாரும் அவனைத் தொடவில்லை.

"அறுபத்து மூன்று" என்கிறேன் மறுபடியும்,
கொஞ்சம் மெதுவாக.
பைக்குள் இன்னும் முப்பத்தெட்டு வில்லைகள்.
என் கைக்கு அவசரமில்லை.