இடது கண்

குத்தாயிசியில் அடகுக்கடை வேலை, பதினோரு வருடம்.
கடைசி நான்கு வருடமும் என் இடது கண் மட்டும் அழுதது.

மோதிரத்தைத் தராசில் வைப்பேன்.
தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்
எடையைப் பார்க்கமாட்டார்,
என் கன்னத்தைப் பார்ப்பார்.
"அழாதீர்கள், ஆவணிக்குள் மீட்டுவிடுவேன்" என்பதுபோல் ஏதோ ஒரு மாதம் சொல்லி
எனக்கே ஆறுதல் தந்தாள் நசிப்ரோலா,
தையல் மெஷினை விட்டுப் போனவள்.
பேரம் குறைந்ததில் முதலாளிக்குச் சந்தோஷம்.
நானும் கைக்குட்டையை எடுப்பதை நிறுத்தினேன்.
இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ரியோனி ஆறு சேறாய் ஓடிய வாரம்
மூக்கோரம் செர்ரிப்பழம் அளவுக்கு வீங்கிச் சிவந்தது.
தொட்டால் காதுவரை தெறித்தது.
தேநீர்ப் பையை வைத்துக் கட்டு என்றாள் எதிர்வீட்டுச் சியூரி.
ஊசியால் ஒரு குத்து போதும் என்றான் அவள் புருஷன்,
சாராயத்தில் ஊசியை முக்கியும் விட்டான்.
ஓடி வந்துவிட்டேன்.

டாக்டர் மஸியா மருந்துச்சீட்டின் பின்புறம் வரைந்தாள்:
இமையோரம் இரண்டு துளை, ஒரு பை,
மூக்குக்குள் இறங்கும் குழாய்.
"எல்லார் கண்ணிலும் நாள் முழுக்க நீர் சுரக்கிறது.
மூக்கு சத்தமில்லாமல் குடித்துவிடும்.
உங்களுக்கு வடிகால் அடைத்துக்கொண்டது;
தேங்கினால் கண்ணீரும் சீழ்தான்."

பத்து நாள் மாத்திரை. வெந்நீர் ஒத்தடம்.
பிதுக்கவே கூடாது.
வீக்கம் வடிந்தபின் மூக்கெலும்பில் சின்னதாய் ஒரு வாசல் வைத்தாள்,
அது மூடிக்கொள்ளாதிருக்க நூல்போல ஒரு சிலிக்கான் குழாய்.
மூக்கைச் சிந்தாதே, தும்மினால் வாயைத் திறந்து தும்மு.
அப்படித்தான் தும்மினேன், தேவாலயத்தில்கூட.

மூன்று மாதம் கழித்துக் குழாயை உருவிய அன்று
கண்ணோரத்தில் சிரிஞ்சால் மெல்ல உப்புநீர் விட்டாள்.
"என்ன தெரிகிறது?"
தொண்டையில் உப்பு.
"அப்படியானால் வழி திறந்தாயிற்று."
கையுறையைக் கழற்றிக்கொண்டே அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

இப்போது எழுத்து கலங்குவதில்லை.
மோதிரத்தின் உள்முத்திரை பளிச்சென்று தெரிகிறது.
கடையில் பேரம் கூடிவிட்டது;
கல்நெஞ்சுக்காரி என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

நேற்று நசிப்ரோலா வந்தாள்.
மெஷினுக்கு இல்லை, அது தவணை தாண்டி விற்றுப்போயிற்று.
கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றி வந்திருந்தாள்,
விரல் இன்னும் வழுவழுவென்றிருந்தது.
என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.
"கண் குணமாகிவிட்டதா?"
ஆமாம் என்றேன்.
மூன்று கிராம், இருநூறு மில்லி.
ரசீது எழுதி முடிப்பதற்குள்
தொண்டையில் கரித்தது.