தடை குறையும் இடம்

கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
நுங்கம்பாக்கத்தில் நாற்பது, மீனம்பாக்கத்தில் நாற்பத்திரண்டு.
தரமணியில், தரைக்குக் கீழே, இருபத்திரண்டு.
ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு
சிலிக்கன் துணுக்கு ஒன்றைச் சூடேற்றுகிறேன்.

நம் 'ப'வைப் போலத்தான் இருக்கும் கான்டிலீவர்:
இரண்டு கால், கடைசியில் ஒரு குறுக்கு,
குறுக்கின் அடியில் கண்ணுக்கு எட்டாத ஊசிமுனை.
தலைமுடியை நெடுக்காக முப்பதாய்க் கிழித்தால்
அதன் தடிமன் வரும்.
கால்களில் பாஸ்பரஸ் தாராளம், குறுக்கில் கொஞ்சம்.
மாசு குறைந்த இடம்தான் கொதிக்கிறது.
இதை வீட்டில் சொல்லிப் பார்த்தேன்,
நாத்தனார் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டாள்.

கால் வோல்ட் கால் வோல்ட்டாக ஏற்றுகிறேன்.
இரண்டாயிரத்து நூறு ஓம்.
இரண்டாயிரத்து எழுநூறு ஓம்.
மூவாயிரத்து முந்நூறு ஓம்.
கதவருகே நின்று கேட்டால்
உள்ளே அர்ச்சனை நடக்கிறது என்பார்கள்.
சூடு ஏற ஏற முரண்டு பிடிக்கும்;
அதுவரை அது யாரையும் போலத்தான்.

ஐந்நூற்றைம்பது டிகிரியை ஒட்டி ஒரு மேடு.
அதைத் தாண்டினால்
சிலிக்கன் தன் சொந்த எலக்ட்ரான்களையே அவிழ்த்து விடுகிறது.
தடை சரிகிறது. மின்னோட்டம் பாய்கிறது.
பாய்ந்ததால் சூடு, சூட்டால் இன்னும் சரிவு.
நடுவில் புகுந்து 'போதும்' என்று சொல்ல
பத்து கிலோ ஓம் தடை ஒன்று சுற்றில் இருக்க வேண்டும்.

இருந்தது, நேற்று வரை.
"அஞ்சே நிமிஷம்க்கா" என்று
எபனேசர் கழற்றிக்கொண்டு போயிருக்கிறான்,
அந்த இடத்தில் வெறும் கம்பி ஒன்றைச் செருகிவிட்டு.

லென்ஸுக்குள் மிளகாய் விதையளவு சிவப்பு.
அப்புறம் அதுவும் இல்லை.
புகை இல்லை, சத்தம் இல்லை,
ஏசி மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது.

ஏழாம் எண். நல்ல கை அது.
தரையைத் தொடாமலே
தரை எவ்வளவு பக்கம் என்று சொல்லும்.
கிட்டே போகப் போக இடையிலுள்ள காற்று வழியே
சூடு கீழே கசியும்;
தான் ஆறுவதை வைத்துத் தூரம் அறியும்.

மாலையில் எபனேசர் வந்தான்,
ஒரு கையில் அந்தத் தடை, மறு கையில் பன்னீர் சோடா.
மூன்று டைல் தள்ளி நின்றான்.
நான் பேசவில்லை.
ஒரு டைல் நகர்ந்தான். நின்று பார்த்தான்.
இன்னொரு டைல்.

சோடாவைக் குடித்தேன்.
மன்னித்ததாக அதற்கு அர்த்தமில்லை, தாகம்.

புதுச் சில்லு கேட்கும் படிவத்தில்
'பழுதுக்குக் காரணம்' என்றொரு கட்டம், இரண்டு விரல் அகலம்.
'தடை இல்லாமை' என்று எழுதினேன்.
அடித்தேன்.
அதையே திரும்ப எழுதினேன்.

பறக்கும் ரயிலில் பக்கத்துப் பெண்
தூக்கத்தில் என் தோளை நோக்கிச் சாய்ந்தாள்.
தொடுமுன்பே தெரிந்தது.
இந்த ஊரில் கணக்கு தலைகீழ்,
கிட்டே வர வர ஏறுகிறது.
நான் நகரவில்லை.
கோட்டூர்புரத்தில் இன்னும் நாலு பேர் ஏறினார்கள்.