நட்சத்திரம் இருந்த இடம்

சட்டையை மேசைமேல் போட்டான் கோ தூரா.
"அமா, இந்த நட்சத்திரத்தை மட்டும் எடுத்துடுங்க.
துணி நல்ல துணி. தூக்கிப் போட மனசில்லை."

நான் ஒட்டியதுதான்.
தேர்தல் நடந்த வருஷம், ஒரே வாரத்தில்
முந்நூறு சிவப்புச் சட்டை, முந்நூறு வெள்ளை நட்சத்திரம்.
துவுன்னா மைதானத்துக்குப் போகிற பஸ்ஸெல்லாம்
என் கடை வாசலில் நின்று போயின.
அச்சு இயந்திரத்தின் சூட்டில்
இரண்டு விரல் கொப்பளித்துக் கிடந்தும்
கை தட்டினேன் அன்று.

இப்போது ஒட்டச் சொல்லி யாரும் வருவதில்லை.
பிரிக்க வருகிறார்கள்.
பிரிக்க ஈராயிரம் கியாட்.
ஒட்டுவதைவிடக் கடினம், சொல்லித்தான் வாங்குகிறேன்.

அர்ஜென்டினா நீலத்துக்கு மட்டும் குறைவில்லை.
அந்த நாட்டிலும் தளபதிகள் ஆண்டார்களாம்,
அவர்கள் காலத்திலும் ஒரு கோப்பை வந்ததாம்.
பன்னிரண்டு வயசுப் பையனிடம்
அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?
பெயர், எண், கழுத்து அளவு. அவ்வளவுதான்.
தூரத்து நாட்டை நேசிப்பது சுலபம்.
அதன் சிறைச்சாலை
நம் பஸ் போகும் வழியில் இல்லை.

எங்கள் வட்டாரத்துப் பையன்கள் இருவர்
அந்த அணியில் இருந்தார்கள்.
ஆட மாட்டேன் என்று விலகிய ஸெயா
பெகு ரோட்டில் டயருக்குக் காற்றடிக்கிறான்.
விலகாத நியீ லின்னின் அம்மாவுக்கு
வாரம் இரண்டு தடவை ரத்தம் சுத்தம் செய்யணும்.
முதலாமவன் பெயரை உரக்கச் சொல்கிறோம்.
இரண்டாமவன் வீட்டுக்கு
இருட்டின பிறகு சோறு கொண்டு போகிறேன்.

தின்னரில் பஞ்சு நனைத்துத் தேய்த்தேன்.
ஒரு முனை, இன்னொரு முனை.
உரிந்து வந்தது, வெயிலில் பொசுங்கிய தோல் போல.
அடியில்
சுற்றிலும் வெளுத்த துணிக்கு நடுவே
ஐந்து முனையோடு
முதல் நாள் சிவப்பு.

இதைப் போக்க மருந்து கிடையாது என்றேன்.
கோ தூரா தடவிப் பார்த்துவிட்டு
உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டிக்கொண்டு போனான்.

ஒன்று சொல்லணும்.
'கலா' என்று என் முதுகுக்குப் பின்னால் சொன்ன தெரு
கோல் விழுந்த இரவுகளில் மட்டும்
என்னைக் கட்டிப்பிடித்தது.
வேறெதற்காகவும் பிடித்ததில்லை.
அந்த அணி தோற்கட்டும் என்று வேண்டும்போது
எதைத் தோற்கச் சொல்கிறேன் என்று
எனக்குத் தெரியாமல் இல்லை.

அட்டை கேட்டு வரிசையில் நின்றபோது
என் மகன் முழுக் குடிமகன் இல்லை.
படைக்கு ஆள் எடுத்தபோது
பட்டியலில் முழுப் பெயர் இருந்தது, எழுத்துப் பிழைகூட இல்லாமல்.
மூன்றாம் நாள் மே சோட்டுக்குப் போய்விட்டான்.

நேற்று மலேசியாவோடு ஆட்டம்.
அவர்களில் ஒருவன் முதுகில் தமிழ்ப் பெயர்.
எந்தப் பக்கம் சாய்வதென்று இன்னொரு குழப்பம்.
பார்க்கக் கூடாது என்று தெருவே முடிவெடுத்திருந்தது.
நானும் பார்க்கவில்லை.
மின்சாரமும் இல்லை.
போர்வைக்குள் போன், குறைந்த சத்தம், பதினொரு சதவீத சார்ஜ்.

எண்பத்தெட்டாவது நிமிஷம்.
நியீ லின் இடது காலால்.

என் தொண்டையிலிருந்து ஒன்று வெளியே போய்விட்டது.
என்னைக் கேட்கவில்லை அது.
எதிர்வீட்டு இருட்டிலிருந்தும் ஒன்று.
மாடியிலிருந்து ஒன்று. சந்துக் கோடியில் நாலைந்து.
பிறகு தெரு முழுக்க
இருமல்.

மகனிடமிருந்து செய்தி வந்தது:
"ஜெயிச்சோமா?"

அந்த 'ஓம்'மைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அதில் அவன் இருக்கிறான். நான் இருக்கிறேன்.
ஸெயா? கோ தூரா?
பட்டியல் தட்டச்சு செய்த குமாஸ்தா?

'ஜெயிச்சாங்க' என்று அடித்து அழித்தேன்.
'ஜெயிச்சோம்' என்று அடித்து அழித்தேன்.
மூன்று சதவீதம்.

'ரெண்டு - ஒண்ணு' என்று அனுப்பினேன்.
'சாப்பிட்டியா?'