ஒன்பது கெஜம்

நூற்றாண்டு மலரில் எனக்கு இரண்டு பக்கம்.
வருடம், வென்றவர் பெயர், அது போதும் என்றார்
தலைவர் டத்தோ ஹாரிஸ்.
மூன்றாம் பக்கத்தை
உரக் கம்பெனி வாங்கிவிட்டது.

பலகை பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில்.
நாற்காலி போட்டு ஏறி மேலிருந்து தொடங்கினேன்.
முதல் கோப்பை ஒரு ஸ்காட்லாந்துக்காரருக்கு,
மூன்று பேர் ஆடியதில்.
அந்த மூன்றை எழுதலாமா என்று யாரையும் கேட்கவில்லை.

சுங்கை தெம்பூனியில் அப்போது ஆறு குழிதான்.
ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே பால்மரம்.
உள்ளூர் விதி, எண் நான்கு:
பந்து மங்கில் விழுந்தால்
எடுத்துத் துடைத்து, தண்டனையின்றி ஆடலாம்.
கொட்டிய பாலுக்கு யார் கணக்கு?
அதற்கு விதி இல்லை.

நாற்பத்திரண்டு முதல் நாற்பத்தைந்து வரை
பலகையில் ஒரே சொல், போர்.
கிளப் பையன் பிஸ்கட் டின்னில் புதைத்துக் காப்பாற்றிய
குறிப்பேட்டின் கடைசியில் வேறு மையில் ஒரு வரி:
"கிரீன்கள் மரவள்ளியால் சேதம்."
மூன்றாவது குழியை
யாரோ அவித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஐம்பத்தொன்றில் ஆட்டம் நடந்தது.
இடுப்புத் துப்பாக்கியைக்
கேடியிடம் கொடுத்து வைக்கலாகாது என்ற நோட்டீசோடு.

எழுபத்தாறில் முதன்முதலாக நம் ஆள்,
ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அருளப்பன்.
பலகையில் ஓர் எழுத்துக் குறைவு.
மகன் வக்கீல். இதுவரை மூன்று கடிதம்.

இதெல்லாம் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும்.
முப்பத்தாறில்தான் மாட்டிக்கொண்டேன்.

இறுதி ஆட்டம், ஹேடோ துரைக்கும் ப்ரிங்கிள் துரைக்கும்.
பலகை ஹேடோ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது.
குறிப்பேடு ஒன்றரைப் பக்கம் பேசுகிறது:
எட்டாவது குழியில், லாலாங்கு புல்லுக்குள் கிடந்த பந்தை
ஹேடோவின் கேடி, ஏழாம் லயத்துச் சடையன், வயது பதின்மூன்று,
கால்விரல் இடுக்கில் பற்றி
வானத்தைப் பார்த்துக்கொண்டே ஒன்பது கெஜம் நடந்து
வெட்டவெளியில் வைத்தான்
என்பது ப்ரிங்கிளின் புகார்.

கமிட்டி அவனைக் கூப்பிட்டது.
கால் கழுவச் சொல்லி, இதே அறைக்குள்.
கம்பளத்தில் ஒரு பந்தை வைத்து
செய்து காட்டு என்றது.

"சிறுவன் ஐந்து முறை முயன்றான்.
ஐந்து முறையும் இரண்டாம் அடியில் பந்து நழுவியது. சிரிப்பு.
புகார் தள்ளுபடி.
கம்பளம் வெளுக்க எழுபது காசு."

ஐந்து முறையும் இரண்டாம் அடியில்.
பதினாறு வருடமாக இந்த கிளப்பின் கணக்கை எழுதுகிறவள் நான்.
இத்தனை ஒழுங்காக வரும் எண்களுக்குக்
கையெழுத்துப் போடமாட்டேன்.

கரையான் விட்டுவைத்த பார் சிட்டைகளில் தேடினேன்.
அதே தேதி, ஹேடோ கணக்கில்
விஸ்கி ஆறு,
இஞ்சி சோடா ஒன்று, பின்வாசலுக்கு.

ஆறு மணிக்கு எல்லாரும் போனபின்
செருப்பைக் கழற்றினேன்.
கட்டைவிரலும் அடுத்ததும். பந்து நினைத்ததைவிடக் குளிர்.
ஓர் அடி. இரண்டு.
மூன்றாவதில் முட்டி தானாக விறைத்து
குதிகால் பொய் சொல்லத் தொடங்குகிறது.
நாலாவதில் பந்து தெறித்து அலமாரிக்கு அடியில்.
கம்பைக் கொண்டு வெளியே தள்ளி
மறுபடி.
மறுபடியும் நாலு.
ஒன்பது கெஜம், லாலாங்கில்,
ஒரு துரையின் பையைத் தோளில் சுமந்துகொண்டு!

மலருக்கு எழுதினேன்: 1936, ஹேடோ.
ஸ்கோர் வரவேண்டிய கட்டத்தில்
சிறிய எழுத்தில், கேடி சடையன்.
டத்தோ ப்ரூஃபில் தன் படத்தை மட்டும் பார்த்தார்.
உரக் கம்பெனி ஆள்தான் விரலை வைத்துக் கேட்டார்,
இந்த ஒரு வருடத்துக்கு மட்டும் கேடி பெயர் எதற்கு,
மற்றவர்கள் பெயரெல்லாம் எங்கே?

அவர்கள் யாரும் மாட்டவில்லை என்றேன்.