ஒற்றைக் கோடு

டார்ட்டு நகரில் ஜனவரி.
ஒன்பது மணிக்குத்தான் விடியும், அதுவும் அரைமனதாக.
ஹில்யே மேலங்கியை ஆணியில் மாட்டிவிட்டு
ஜெல்லை ஊதா விளக்கின்மேல் வைக்கிறாள்.

எல்லோருக்கும் இரண்டு கோடுகள்.
மேலே தாய் தந்தது, நீளம் அதிகம், மெதுவாக நகர்ந்தது.
கீழே தந்தை தந்தது, குட்டை, முந்தி ஓடியது.
பதினேழாம் குழியில் மேல்கோடு மட்டும்.
பதினெட்டில் கீழ்கோடு மட்டும்.

இன்னொரு சோதனையும் வந்துவிட்டது:
இருவருக்கும் பதினைந்தாம் குரோமோசோமில்
அதே இடம் கிழிந்திருக்கிறது,
ஒரே கத்தரி இரண்டு வீட்டுக்குப் போனதுபோல.

பதினேழு, வோரு ஊர்ச் சாடே. ஆறு வயது.
பிறந்த மாதம் பால் உறிஞ்சத் தெம்பில்லை,
குழாயில் துளித்துளியாக விட்டார்கள்.
இப்போது வயிற்றுக்குப் ‘போதும்’ என்ற சொல் தெரியாது.
ஜன்னலோரம் குருவிகளுக்குத் தொங்கவிட்ட
கொழுப்புருண்டையை வலையோடு தின்றாள் போன வாரம்.
அப்பா தாவோ குளிர்பெட்டிக்குப் பூட்டுப் போட்டார்.
சாவி அவர் கழுத்தில். தூங்கும்போதும்.
சனிக்கிழமை சவுனாவில் கழற்ற மறந்து
நெஞ்சைச் சுட்டுக்கொண்டார்.
பல் பல்லாகச் சிவந்த தடம்.
அவள் அதில் விரல் வைத்துக் கேட்டாள்:
“இதை உனக்கு யார் போட்டது?”

பதினெட்டு, நார்வா. யெலிசேய்.
நாலு வயதில் ஒரு வார்த்தை இல்லை, சிரிப்பு உண்டு.
கையிரண்டையும் தூக்கியபடி நடப்பான்
மேலிருந்து யாரோ நூல் பிடித்திருப்பதுபோல.
இரவு மூன்று மணிக்குக் குழாயைத் திறந்துவிட்டு
தண்ணீரைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பான்.
ஸ்லாத்தா தரையில் கூடவே உட்கார்ந்திருப்பாள்,
சிரிப்பு எந்த நொடியில் வலிப்பாகும் என்று பார்த்தபடி.
வெளியே ஆறு. இக்கரையில் கோட்டை, அக்கரையில் கோட்டை.
நடுவில் பாலம், இரவில் அடைத்தது.

ஒரு பிரதி போனால் மற்றது இருக்கிறதே என்பீர்கள்.
இருக்கிறது. ஓர் எழுத்துப் பிசகில்லை.
சாடேயின் தாய் தந்த பக்கத்தில் எல்லா வரியும் இருக்கிறது,
வாய்தான் கட்டியிருக்கிறது.
கருமுட்டை கிளம்பும்போதே
பொடிப்பொடி முத்திரை குத்தி அனுப்பியது:
இதை அவர் சொல்லட்டும்.
யெலிசேயின் மூளையில் வேறு விதம்.
தந்தையின் பிரதி
தன் வரியையே தலைகீழாக முணுமுணுத்து
தன்னையே அமுக்கிக்கொள்கிறது.

சதி ஒன்றுமில்லை.
எல்லார் உடம்பிலும் இதே ஏற்பாடுதான்.

எஸ்தோனிய மொழியில் அவன், அவள் கிடையாது.
இருவருக்கும் ஒரே சொல்: தா.
நம் காதில் விழுந்தால் ஏதோ கேட்பதுபோல் இருக்கும்.
மொழி விட்டுவிட்ட கணக்கை
செல் விடுவதில்லை.

ஹில்யேயின் பிறப்புச் சான்றிதழில்
தந்தை என்ற இடத்தில் ஒரு கோடு.
சோவியத் எழுத்தர் அளவுகோல் வைத்துப் போட்டது.
பயிற்சிக் காலத்தில் தன் இரத்தத்தையே ஓட்டிப் பார்த்தாள்.
இரண்டு கோடுகள்.
கீழே, பெயரில்லாத அந்த ஆள்,
அச்சுப்போல, பளிச்சென்று.
அவள் பிள்ளை பெற்றிருந்தால்
அவர் தந்த பக்கமும் முத்திரை மாறி
தாய் தந்ததாகவே போயிருக்கும்.
பெறவில்லை.
ஆகவே அவர் இன்னும் அவராகவே இருக்கிறார்.

பத்தரைக்குத் தொலைபேசி. தாவோ.
யார் எண் கொடுத்தார்களோ.
“என் பக்கமா, அவள் பக்கமா? அதை மட்டும் சொல்லுங்கள்.”
டாக்டர் சொல்வார் என்கிறாள். அதுதான் விதி.
யாருடைய குற்றமும் இல்லை என்று சொல்ல
விதியில் இடமிருக்கிறதா என்று யோசிப்பதற்குள்
அவர் நன்றி சொல்லி வைத்துவிடுகிறார்.

படிவத்தில் தந்தைவழிக் கட்டம்.
ஒரு கோடு போட்டால் போதும், எல்லோரும் அப்படித்தான்.
அவள் கோடு போடவில்லை.
‘தந்தை தந்தது: கிடைக்கவில்லை’ என்று
முழுதாகத் தட்டுகிறாள், ஒவ்வொரு எழுத்தாக.

வோருவில் அதே நேரம்
ஏணி போட்டு ஏறி, புதுக் கொழுப்புருண்டையை
இன்னும் உயரக் கிளையில் கட்டுகிறார் ஒருவர்.
சட்டைக்குள் சாவி.
கீழே ஒரு குழந்தை ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது,
வாயை மூடாமல், அண்ணாந்து.