ஏழு இடங்கள்

பெயரட்டையில் இடம் போதவில்லை.
முகில்வேந்த என்பதோடு நின்றுவிட்டது.
கடைசி எழுத்து கீழே விழுந்திருக்கும் என்றேன்;
பதிவு மேசைப் பெண் குனிந்து பார்த்தாள்.

தோ பாயோ சமூக மன்றம், இரண்டாம் மாடி.
இருபத்தாறு நாட்டுக் கொடிகளும்
குளிர்சாதனக் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்கின்றன.
நான் ஆடும் பிரிவுக்குப் பெயர்
'சீனரல்லாதோர், வியட்நாமியரல்லாதோர்.'
இரண்டு அல்லாத-வை வைத்துக் கட்டிய வீடு.
உள்ளே பதினெட்டுப் பேர் குடியிருக்கிறோம்.

எனக்கு வாசிக்கத் தெரிந்த சீன எழுத்து பதினான்கு.
மின்தூக்கி பழுதுபார்ப்பவன் நான்.
உதிரிபாகம் வரும்வரை
காப்பிக்கடை மேசையோரம் நின்ற மதியங்களில்
காய்களின் முதுகைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை.
வெளியே எடுத்துப்போனால் செல்லாக் காசு:
காயில் இருப்பது பழைய எழுத்து,
தெருவில் சுருக்கி எழுதிய வண்டி, சுருக்கி எழுதிய குதிரை.
மண்டாய் விலங்குத் தோட்டத்தில் ஒருமுறை
ஒன்றே ஒன்று கைகொடுத்தது.
யானை.
மகளுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன்.
அவள் எழுத்தை விட்டுவிட்டு யானையைப் பார்த்தாள்.

கடைசிச் சுற்று. எதிரே ரீக்கா,
பின்லாந்துப் பல் மருத்துவர்,
மூன்றாவது டம்ளர் பார்லித் தண்ணீர்.
அவளுக்குச் சிவப்பு, எனக்குக் கறுப்பு.
அவள் பக்கம் அமைச்சர் நிற்கும் இடத்தில்
என் பக்கம் யானை நிற்கிறது.
இரண்டையும் ஒரே ஓசையில்தான் கூப்பிடுகிறார்கள்.

சதுரங்கத்தில் என் யானை
ஓரத்திலிருந்து ஓரம்வரை நேராக ஓடும்.
இங்கே பலகை நடுவில் ஓர் ஆறு.
குதிரை கடக்கும், தேர் கடக்கும்,
காலாளும் கடப்பான், கடந்தவன் திரும்புவதில்லை.
யானை மட்டும் கரையோடு நின்றுவிடும்.
நீந்தத் தெரிந்த விலங்குதானே,
ஏன் என்று நான் யாரையும் கேட்டதில்லை.
மூலைவாட்டில் இரண்டு எட்டு,
மொத்தமே அதற்கு ஏழு இடம்.
யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள்.
இந்தப் பலகையில்
நின்றாலும் அரைக் குதிரைதான்.

நாற்பதாவது நகர்வுக்குள்
என் தேர்கள் போயின, பீரங்கிகள் போயின.
அவளிடம் மிஞ்சியது ஒரு தேர்.
என்னிடம் படைத்தலைவன், இரண்டு காவலர், இரண்டு யானை.
ஆற்றுக்கு அந்தப்பக்கம்
என்னுடையது என்று சொல்ல ஒன்றுமில்லை.
வேடிக்கை பார்த்தவர்கள் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்க எழுந்துபோனார்கள்.

தேர் வந்தது. யானையை ஏற்றினேன்.
தேர் சுற்றிக்கொண்டு வந்தது. இறக்கினேன்.
ஏற்றினேன். இறக்கினேன்.
பன்னிரண்டு ஆண்டாகச் சம்பளத்துக்குச் செய்கிற வேலை.
ஒரு யானையை இன்னொன்று பார்த்துக்கொண்டால் போதும்,
ஒற்றைத் தேர் உள்ளே வர முடியாது.
காப்பிக்கடையில் எல்லோருக்கும் தெரிந்தது இது.
ரீக்காவுக்கும் தெரியும்.
இருந்தாலும், என் கை ஒருமுறை தவறாதா என்று
ஐம்பத்தெட்டு முறை கேட்டாள்.
ஐம்பத்தெட்டு முறையும் யானை பதில் சொன்னது.

நடுவர் கடிகாரத்தை நிறுத்தினார். சமம்.
அரைப் புள்ளி. பதினோராவது இடம்.
கறுப்புக் காயைத் தொட்டு
உன் மொழியில் என்ன என்று கேட்டாள்.
யானை என்றேன்.
நோர்சு என்றாள்.
அவள் ஊர்ப் பனியில் அது நடந்ததேயில்லை,
சொல் மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஒப்படைத்த கைப்பேசியைத் திரும்ப வாங்கினேன்.
விடுப்பு என்று சொல்லியும் ஆறு அழைப்பு.
பக்கத்துப் புளோக்தான்,
எட்டாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நடுவே
ஒரு பெண்ணும் ஒரு சக்கர நாற்காலியும்.

பரிசளிப்புக்கு நிற்கவில்லை.
மழையில் ஓடி, மாடிப்படி ஏறி,
கதவிடுக்கில் வாய்வைத்துச் சொன்னேன்:
நகராமல் இருங்க.
உள்ளிருந்து மாண்டரினில் ஏதோ கேட்டாள்.
என் பதினான்கில் அது இல்லை.
கதவை இரண்டு முறை தட்டினேன்.
கொஞ்ச நேரம் கழித்து
உள்ளேயும் இரண்டு.