இரிங்கலே, மறைக்குது

ஐஸ் ஆலைச் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள்.
பத்தடி உயரத்தோடு சுண்ணாம்பு தீர்ந்துபோனது.
அதனால் பாடகியின் தலைமுடி மட்டும்
நாடகம் முழுக்கப் பாசிப்பச்சை.

சென்னையில் ஆறு ராத்திரி போட்ட ராக் நாடகம்,
மூன்று கேமரா வைத்துப் பிடித்தது.
புயலில் போன வள்ளம், கரையில் ஒருத்தி.
நான் பேஸ் கிதார்.
மேடைக்கு இடது ஓரம், புகைக்குழாய்க்குப் பக்கத்தில்.
எழுதியவன் மெரினாவில் கால் நனைத்தவன்.
கடல் எப்படி என்று என்னைத்தான் கேட்டான்;
சொன்னதில் பாதியை எழுதிக்கொண்டான்.

முட்டத்தில் ஒருநாள் போட்டுக் காட்டுலே என்று
திருவிழா ஸ்பீக்கரை அவிழ்க்காமல் வைத்திருந்தார்
கிளெமென்ஸ் அண்ணன்.
பாய்கள் நிறைந்தன. நாற்காலிகள் நிறைந்தன.
சந்தை முடிந்து வந்தவர்கள்
மீன்சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார்கள்.

முதல் பாட்டுக்கே சுவர் அதிர்ந்தது.
உள்ளே நாலு பாளம் விரிசல் விட்டதாக
ஆலைக்காரர் மறுநாள் கணக்கோடு வந்தார்.

கதாநாயகன் எஞ்சின் கயிற்றை இழுக்கும் இடம்.
படத்தில் அங்கே மௌனம், ஒற்றை வயலின்.
இங்கே பாய் பாயாகச் சிரிப்பு புரண்டது.
'எஞ்சின் இழுக்கானா, பல்லு பிடுங்குகானாலே?'
டெரன்சு எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டு,
'இந்தக் கை இங்க வரணும் மக்கா' என்று திருத்தினான்.
அவன் முதுகில் அலை ஓடியது.
கதாநாயகன் கேட்டுக்கொள்ளவில்லை.

கழுத்துப்பட்டை கட்டிய அதிகாரிகள்
கோப்புகளோடு ஆடும் பாட்டு வந்தது.
படத்துக்குள் இருந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.
இங்கே சிலபேர் திரும்பிப் பார்த்தார்கள்,
பின்னால் யாரோ வந்துவிட்டதைப்போல.
அருள்சீலன் மாமா பீடி பற்றவைக்க
சுவருக்கு அந்தப் பக்கம் போனார்.
அந்த வரிசையில் பதினோரு தடவை நின்றவர்.

கடைசிப் பாட்டு.
அவள் கடலைப் பார்த்துக் கத்தவேண்டும்.
அந்தச் சுருதியை எட்ட அவளுக்கு நாலு மாதம் ஆனது.
டிரம்ஸ் நின்றுவிடும், என் தடித்த தந்தி மட்டும் இருக்கும்.
சென்னை ஒவ்வொருவராய் எழுந்தது.
தலைகள், தோள்கள், தூக்கிப்பிடித்த செல்போன்கள்
முதலில் வள்ளத்தை மூடின,
பிறகு அவளை.

'இரிங்கலே! மறைக்குது!'

வியாகுலமேரி சித்தி. கடைசிப் பாய்.
ஏலத்தில் விலை கூவும் தொண்டை.
அவருடைய சூசையப்பன் போன வள்ளத்தில்
மிஞ்சியது அதன் எண் மட்டும்,
ஏதோ ஒரு காகிதத்தில்.
பிறகு இன்னும் நாலுபேர், பிறகு பிள்ளைகள்:
இரிங்கலே, இரி, இரி.
ஒருவன் சுவரை நோக்கி மண்ணை வீசினான்.

சென்னை இருக்கவில்லை.
நின்றபடியே தட்டியது,
ஒரு நிமிடம் நாற்பது நொடி.
வெட்டவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று
படம் தொகுத்தவனிடம் சொன்னது நான்.

முடிந்ததும் இங்கே யாரும் தட்டவில்லை.
நாற்காலிகள் மடியும் சத்தம்.
சித்தி சட்டியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.
'பிள்ள நல்லா கத்துகா. தொண்டைக்கு என்ன குடிக்கா?'
வெந்நீர் என்றேன்.
'அந்த வள்ளம்? நீலம் நல்லாருக்கு.'
தெர்மாக்கோல்.
'ம்.'
சட்டியைத் தலைக்கு ஏற்றியபிறகு கேட்டார்:
'கடைசியில அவ என்ன செய்யா? நான் காணல்லியே.'

எனக்குக் கொஞ்சநேரம் பிடித்தது.
'லைட்ட அணைச்சிருவோம் சித்தி.'

அவர் தலையசைக்கவில்லை, சட்டி இருந்ததால்.
நடந்தார்.

பையன்கள் டிரம்ஸ் மட்டும் திரும்பப் போடச் சொன்னார்கள்.
மூன்று தடவை போட்டேன்.
புரொஜெக்டர் சூடு ஆற விசிறிக்கொண்டு நின்ற அப்பா
வெகுநேரம் கழித்துச் சொன்னார்:
'ரெண்டு தடவ உன்னக் கண்டேன்.
ஒண்ணுல முதுகு.'